அம்மாவுக்குப் பிடித்த எழுத்தாளர் ஊருக்கு ரெண்டு டிக்கெட்

இந்தக் கட்டுரையில் நான் கேட்கப்போவது ஒரே ஒரு விஷயம். எட்டாவது செமஸ்டர் முடிந்து, ஆளுக்கொரு ஊருக்கு ஆஃபர் லெட்டரோடு கிளம்புவதற்கு முன்னாடி, உங்க அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ரொம்பப் பிடித்த எழுத்தாளர் யார்னு கேளுங்க. அந்த எழுத்தாளர் பிறந்த ஊர், வாழ்ந்த வீடு எங்கே இருக்குன்னு பாருங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவங்களைக் கூட்டிக்கிட்டு ரயிலில் போய்ட்டு வாங்க. ஃப்ரெண்ட்ஸோட இல்லை. அம்மாவோட, இல்லைன்னா அப்பாவோட.

"இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். ஆமா, எழுத வேண்டியிருக்கு.

நம்ம காலேஜில் நிறையப் பேர் என்னைப் போல இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்தவர்கள். ஃபீஸ் கட்டியது அம்மா அப்பா. அவங்க படித்தது தமிழ் மீடியம், சில பேர் அதுவும் பாதியில் நின்றது. இப்படிப்பட்ட வீடுகளில் ஒரு விஷயம் நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஏழாவது எட்டாவது படிக்கும்போதே நாம் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவோம். பேங்க்கில் இருந்து எஸ்.எம்.எஸ். வந்தால் நம்ம கையில் போன். கேஸ் புக்கிங், ஆதார் அப்டேட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஸ்காலர்ஷிப் ஃபார்ம் எல்லாம் நாம்தான். "இது என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று அம்மா கேட்பாங்க. நாம் சொல்வோம். பத்து வருஷம் இப்படியே ஓடினால் வீட்டில் ஒரு பழக்கம் உறைந்துவிடுகிறது: தெரிந்தவர்கள் நாம், கேட்பவர்கள் அவங்க.

இது நம்ம தப்பும் இல்லை, அவங்க தப்பும் இல்லை. ஆனா இந்தப் பழக்கத்தோடேயே பெங்களூருக்கும் புனேவுக்கும் கிளம்பிப் போனால், அம்மாவுக்கு என்னென்ன தெரியும் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும். எழுத்தாளர் வீட்டுக்குப் போகும் ஒரு நாள் இந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போடுகிறது. அன்றைக்கு அவங்க விளக்குவாங்க, நாம் கேட்போம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதற்கான சாட்சி.

எங்க ஊர் ஆய்க்குடி. தென்காசி பக்கம். அனுமன் நதிக்கரை, முருகன் கோவில், வயல், சாரல் காலத்தில் குற்றாலத்துக் காத்து. தண்ணி பார்த்த ஊர். அம்மா பிறந்த ஊர் அப்படி இல்லை. கோவில்பட்டியைச் சுற்றியிருக்கிற கரிசல் காட்டில் ஒரு சின்ன கிராமம். மானம் பார்த்த பூமி. கல்யாணமாகி ஆய்க்குடி வந்தவங்க, இன்றைக்கு வரை பீடி சுற்றுகிறாங்க. மத்தியானம் பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு அரை மணி நேரம் படிப்பாங்க. லைப்ரரியில் எடுத்த புத்தகம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் அலமாரியில் இருப்பது கி.ரா. மட்டும். ஜூனியர் விகடனில் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்த காலத்தில் எங்க தாத்தா அதைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்து வைத்திருந்தாராம். அம்மா அதில் எழுத்துக்கூட்டிப் படித்தவங்க.

தெரியாதவங்களுக்காக: கி. ராஜநாராயணன், 1922இல் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்தவர். பள்ளிப்படிப்பை முடிக்காதவர். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991இல் சாகித்ய அகாடமி விருது வாங்கியவர். புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தவர். 2021 மே மாதம் இறந்தபோது அரசு மரியாதையோடு சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். கரிசல் மக்கள் பேசுகிற சொற்களைத் தேடித்தேடிச் சேர்த்து ஒரு அகராதியே போட்டவர்.

போன டிசம்பரில் நானும் அம்மாவும் இடைசெவலுக்குப் போனோம். தென்காசியில் இருந்து சங்கரன்கோவில் வழியாக பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம். நாங்கள் ரயிலில் சுற்றிக்கொண்டு போனோம். தென்காசியில் திருநெல்வேலி பாசஞ்சர், அங்கே இறங்கி வேறு ரயில் பிடித்து கோவில்பட்டி. முதல் துண்டு 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அடுத்தது 60 சொச்சம். சுற்று வழிதான். ஆனா பஸ்ஸில் ரெண்டு பேரும் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாசஞ்சரில் எதிரும் புதிருமாக உட்காரலாம். சத்தம் போட்டு ஒரு கதையைப் படிக்கலாம். எட்டிப் பார்க்க ஜன்னல் இருக்கு. ரயில் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு காரணமும் இருக்கு. இந்தத் தண்டவாளத்தில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தமிழ் இலக்கியம் உட்கார்ந்திருக்கு. தென்காசி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கீழக்கடையம். கடையம் செல்லம்மாவின் ஊர். 1918 டிசம்பரில் கடலூர் சிறையில் இருந்து விடுதலையான பாரதி, மனைவியின் ஊரான இங்கேதான் வந்து சேர்ந்தார். 1920 வரை இருந்தார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டு, பண உதவி கேட்டு 1920இல் சுற்றறிக்கை விட்டது இந்த ஊரில் இருந்துதான். பணம் வரவில்லை. ஸ்டார்ட்-அப், ஃபண்டிங், பிட்ச் என்று நாம் பேசுகிறோமே, அதை நூறு வருஷத்துக்கு முன்னாடி கடையத்தில் உட்கார்ந்து ஒருத்தர் செய்து பார்த்திருக்கார். எனக்கு இது தெரியாது. அம்மா சொன்னாங்க.

திருநெல்வேலி புதுமைப்பித்தன் வளர்ந்த ஊர். அங்கே வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் பேசிய 'வட்டத்தொட்டி' நடந்தது. பிறகு அவர் நம்ம குற்றாலத்துக்கே குடிவந்துவிட்டார். 1954இல் இறக்கிற வரை ராஜாஜி, கல்கி என்று ஆட்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். அப்படி வந்தவர்களில் இடைசெவல்காரர்களும் உண்டு. கி.ரா.வும் அவருடைய பால்ய சிநேகிதர் கு. அழகிரிசாமியும் கரிசலில் இருந்து குற்றாலம் வந்து டி.கே.சி.யின் பேச்சைக் கேட்டுவிட்டுப் போனவர்கள். எழுத்தாளரை அவர் வீட்டில் போய்ப் பார்ப்பது ஏதோ வெள்ளைக்காரன் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். நம்ம பக்கத்தில் அது இருந்தது. அருவியில் குளிக்கப் போவது மட்டும் மிச்சமிருக்கு.

மணியாச்சி வரும்போது வாஞ்சி நினைவு வரும். செங்கோட்டைக்காரர், 1911இல் ஆஷ் துரையைச் சுட்டது இந்த ஸ்டேஷனில். அதற்கு அப்புறம் கடம்பூர். கடம்பூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் குமாரபுரம் என்று ஒரு சின்ன ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ் நிற்காது. மஞ்சள் போர்டு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனா அம்மா கடம்பூரிலேயே எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிட்டாங்க. கு. அழகிரிசாமி எழுதிய 'குமாரபுரம் ஸ்டேஷன்' கதை இந்த ஸ்டேஷனைப் பற்றியது. காட்டுக்கு நடுவில் யாருக்கும் பிரயோஜனம் இல்லாதது போலத் தெரிகிற ஒரு ஸ்டேஷன், அங்கே வந்து போகும் ஒரு ஹெட்மாஸ்டர், கோவில்பட்டியில் பள்ளிக்கூடம் சேரப் போகிற கிராமத்துப் பையன்கள், கம்பார்ட்மென்டில் நடக்கும் பேச்சு. அவ்வளவுதான் கதை. ஸ்டேஷன் கடந்து போகிற அந்தச் சில வினாடிக்கு முன்னால் அம்மா இந்தக் கதையைச் சொல்லி முடித்தாங்க. நான் பார்த்தது ஒரு போர்டும் நாலு மரமும். அவங்க பார்த்தது வேற.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அம்பாசமுத்திரம் தாண்டியதும் அம்மா பையில் இருந்து புத்தகத்தை எடுத்து, 'கதவு' கதையைப் படித்தாங்க. தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவில் ஏறி ஆடி பஸ் விளையாட்டு விளையாடிய பிள்ளைகள் இருக்கிற வீடு. நான் தமிழ் படித்தால் ஒரு பக்கத்துக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அம்மா ஓட்டமாகப் படித்தாங்க. நான் நடுநடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்டேன். 'தீர்வை'ன்னா என்ன? நிலவரி. 'சம்சாரி'ன்னா? குடும்பஸ்தன்தானே? "இல்லட்டி, எங்க ஊர்ல சம்சாரின்னா வெவசாயி" என்றாங்க. ஒரு முழு சமூகமே விவசாயம் செய்கிறவனைக் குடும்பம் நடத்துகிறவன் என்ற பெயரால் கூப்பிட்டிருக்கிறது. இதை எந்த டிக்ஷ்னரி ஆப்பில் நான் தேடியிருப்பேன்?

அதைவிட ஒரு விஷயம். கோவில்பட்டியில் இருந்து இடைசெவல் போகிற டவுன் பஸ்ஸில், ரோட்டோரம் தெரிந்த நீர்ப்பரப்பைக் காட்டி அம்மா "கம்மாய்ல தண்ணி கெடக்கு" என்றாங்க. 22 வருஷமாக ஆய்க்குடியில் அவங்க வாயில் நான் கேட்டது 'குளம்' மட்டும்தான். நம்ம பக்கம் அதற்குப் பேர் குளம். கரிசல் பக்கம் கம்மாய். "நீ ஏன் வீட்ல கம்மாய்னு சொல்றதே இல்ல?" என்று கேட்டேன். கல்யாணமான புதுசில் சொன்னாங்களாம். ஆச்சியும் பக்கத்து வீட்டுக்காரங்களும் சிரித்தாங்களாம். அதற்கப்புறம் மாற்றிக்கொண்டாங்க. கம்மாய் மட்டும் இல்லை, இன்னும் எத்தனையோ வார்த்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாங்க. அந்த வார்த்தைகளெல்லாம் கெட்டுப்போகாமல் இருந்த இடம் ஒன்றே ஒன்று, அலமாரியில் இருந்த கி.ரா. புத்தகம். அம்மா ஏன் திரும்பத் திரும்ப அதே புத்தகத்தைப் படிக்கிறாங்க என்பது எனக்கு அந்த டவுன் பஸ்ஸில்தான் விளங்கியது.

நாம் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய் ஒரு மொழியில் கொஞ்சம் இழந்தோம் என்று மேடையில் பேசுகிறோம். கல்யாணமாகி முப்பது, நாற்பது மைல் தள்ளி வந்த நம்ம அம்மாக்கள் தமிழுக்குள்ளேயே ஒரு மொழியை விட்டுவிட்டு வந்திருக்காங்க. அதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை.

இடைசெவலில் என்ன பார்த்தோம் என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு வழிச்சாலையை ஒட்டி ஒரு ஊர். கறுப்பு மண்ணில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் நின்றது. எங்க ஊரில் பிசான நெல்லுக்கு வயலில் தண்ணி நிற்கிற அதே டிசம்பர். காலையில் பச்சை வயலில் கிளம்பி மத்தியானம் கறுப்பு மண்ணில் இறங்கியபோது, 'மானம் பார்த்த பூமி' என்று அம்மா சொல்கிற சொல் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. நாங்கள் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. ஜனங்கள் வாழ்கிற ஊர் அது, கண்காட்சி இல்லை. தெருவில் நடந்தோம். டீக்கடையில் டீ குடித்தோம். அம்மா அந்த ஊர்க்காரங்களோடு அவங்க பேச்சிலேயே பேசினாங்க. எனக்குப் பாதி புரிந்தது.

இனி எதிர்வாதங்கள். நம்ம கிளாஸ் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

"எழுத்து புத்தகத்துல இருக்கு. ஊருக்குப் போய் என்ன பாக்க?" நியாயமான கேள்வி. படிக்காமல் போனால் ஒன்றும் இல்லைதான். கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு ஒரு நினைவரங்கம் கட்டி 2022இல் திறந்தது. நல்ல காரியம். ஆனா ஒரு கதைகூடப் படிக்காமல் போய் அதன் முன்னால் செல்ஃபி எடுத்தால், அது வெறும் கட்டிடம். கட்டிடத்தை அரசு கட்டித்தரும், படிப்பதை நாம்தான் செய்ய வேண்டும். அதனால்தான் போகும் வழியில் படிக்கச் சொல்கிறேன். ஒரு கதை போதும்.

"இது தனிமனித வழிபாடு இல்லையா?" கோவிலாக்கினால் வழிபாடு. நான் மாலை போடச் சொல்லவில்லை. அந்த வட்டாரத்தையே பாருங்க என்கிறேன். கோவில்பட்டியைச் சுற்றி மட்டும் நாலு பேர் சாகித்ய அகாடமி விருது வாங்கியிருக்காங்க: கு. அழகிரிசாமி, கி.ரா., பூமணி, சோ. தர்மன். பூமணியின் 'வெக்கை'தான் 'அசுரன்' படமானது. சோ. தர்மனுக்கு 2019இல் விருது வாங்கிக்கொடுத்த 'சூல்' ஒரு கண்மாயின் கதை. ஒரே மண், வேற வேற வீடு, வேற வேற சாதி, வேற வேற பார்வை. ஒருவர் எழுதியதில் விட்டுப்போனதை இன்னொருவர் எழுதியிருக்கார். ஊருக்குப் போனால் ஒரு ஆளோடு நிற்காது, அடுத்த ஆளைத் தேட வைக்கும். நான் இப்போது 'சூல்' படித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்துக்கு அஞ்சு நிமிஷக் கணக்கில்.

"எங்க வீட்டுல யாரும் புத்தகமே படிக்கமாட்டாங்க." இதுதான் உண்மையான கேள்வி. நம்ம காலேஜில் பாதி வீடு அப்படித்தான் இருக்கும். அதற்கு என் பதில்: கி.ரா. ஊர் ஊராகத் தேடி அலைந்து நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்தாரே, அவர் தேடிப் போனது எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மட்டும் இல்லை. கதை சொல்லத் தெரிந்த பாட்டி, தாத்தாவை. உங்க அம்மா படிக்காதவங்கன்னா, அவர் தேடி வந்திருக்கக்கூடிய ஆளே அவங்கதான். அப்பாவுக்குப் பிடித்தது ஒரு பாட்டு எழுதியவராக இருக்கலாம், வில்லுப்பாட்டுக்காரராக இருக்கலாம். அவர் ஊருக்குப் போங்க. பட்டுக்கோட்டையார் பாட்டு பிடிக்கும் என்றால் செங்கப்படுத்தான்காடு போங்க. புத்தகம் இல்லைன்னா பாட்டு. இது எதுவும் இல்லைன்னா, அம்மா பிறந்த ஊருக்கே ஒரு டிக்கெட் எடுங்க.

செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் கேரளம். அங்கே திரூரில் எழுத்தச்சன் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் துஞ்சன் பறம்பு இருக்கு. விஜயதசமிக்குப் பெற்றோர் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் முதல் எழுத்து எழுத வைக்கிறார்கள். ஒரு மொழியின் எழுத்தாளர் வீட்டுக்கு அம்மா அப்பாவோடு போவது அவங்களுக்கு வாழ்க்கையின் முதல் பாடம். நமக்குக் கடைசி செமஸ்டரிலாவது ஒரு தடவை நடக்கட்டுமே.

முதல் வருஷம் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று ரெண்டு பேப்பர் எழுதினோம், ஞாபகம் இருக்கா? ஆளுக்கு ஒரு கிரெடிட். பாஸ் மார்க் வாங்கியதும் மூட்டை கட்டியாச்சு. அந்தப் பேப்பரைக் குறை சொல்லவில்லை. சங்க காலத்துக் கப்பல், சோழர் காலத்துக் கோவில் எல்லாம் அதில் இருந்தது. அம்மா எனக்காக வாயில் வராமல் நிறுத்தி வைத்த வார்த்தைகள் அதில் இல்லை. அந்த மரபு எந்தச் சிலபஸிலும் வராது. அதற்கு யூனிட் அஞ்சு கிடையாது, இன்டர்னல் மார்க் கிடையாது. கேட்டால் மட்டும்தான் கிடைக்கும்.

நம்ம தமிழ் மன்றத்துக்கு ஒரு யோசனையும் வைக்கிறேன். வருஷா வருஷம் முத்தமிழ் விழாவில் கவிதைப் போட்டி, பட்டிமன்றம் நடத்துகிறோம். அதோடு ஒன்று சேர்க்கலாம். ஃபைனல் இயர் மாணவர்கள் வீட்டில் ஒருவரோடு ஒரு எழுத்தாளர் ஊருக்குப் போய்விட்டு வந்து, அங்கே அம்மாவோ அப்பாவோ சொல்லித்தந்த பத்துச் சொற்களை அர்த்தத்தோடு எழுதித் தர வேண்டும். போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். இந்த இதழில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். நாலு வருஷத்தில் தென்காசி, கோவில்பட்டி, தஞ்சாவூர், நாகர்கோவில் என்று எல்லாப் பக்கத்துச் சொல்லும் சேர்ந்துவிடும். கி.ரா. அகராதி போட்டபோது அவருக்கு லேப்டாப் இல்லை. நம்மகிட்ட ஆளுக்கொன்று இருக்கு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். காலை ரயிலைப் பிடிங்க, சாயங்காலம் திரும்பிவிடலாம். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்க. புத்தகம் ஒன்றுதான் வேண்டும், அதையும் அவங்களே தேர்ந்தெடுக்கட்டும். அவங்க படிக்கட்டும், நீங்க படித்துக்காட்ட வேண்டாம். அர்த்தம் தெரியாத இடத்தில் கூகுள் பண்ணாமல் அவங்ககிட்ட கேளுங்க. இயர்போன் பையிலேயே இருக்கட்டும். போற ஊரில் யாரையும் தொந்தரவு பண்ணாதீங்க. திரும்பி வரும்போது அவங்க களைத்துத் தூங்குவாங்க. அப்போது அந்தப் பத்துச் சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைங்க. என் நோட்டில் முதல் சொல் கம்மாய், ரெண்டாவது சம்சாரி. மூன்றாவது, தானியம் போட்டு வைக்கிற குலுக்கை. நாலாவதில் இருந்து அம்மாவே அவங்க கையெழுத்தில் எழுதுறாங்க.